ஏழாவது யன்னல்

வேலை தொடங்குமுன் கேட்டிருக்க வேண்டும்
என்கிறார் திருமதி ஹென்னெபெர்க்.
கேட்டேன்.
மார்ச்சிலேயே கேட்டேன், கூரை ஓட்டின் மாதிரியோடு,
மண்சுவருக்கு வைக்கோல் எத்தனை பங்கு என்ற குறிப்போடு.

குவெட்லின்பர்க் முழுக்கவே சாய்ந்துதான் நிற்கிறது;
என் வீடு கொஞ்சம் கூடுதலாக.
ஆயிரத்து அறுநூற்றுப் பதினேழின் உத்தரம்
உளுத்துவிட்டதென்று நாற்பது படம் அனுப்பினேன்.
எவ்வளவு ஆழம் என்றார்கள்.
கத்தியை விட்டுப் பார்த்தேன்.
பிடிவரை போனது.

ஒக்டோபர் மழை
யாரிடமும் விண்ணப்பிக்கவில்லை.
வடக்கு யன்னல் சட்டத்தோடு வீதியில் விழுந்தது.
மூன்று நாள் தார்ப்பாய் கட்டினோம்,
நாலாம் நாள் தச்சன் ஊவே கொண்டுவந்தான்:
ஓக் மரம், ஆளிவிதை எண்ணெய், எல்லாம் விதிப்படி.
அனுமதிக் கடிதம் வர
இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

இன்று சான்றிதழ்.
பத்து வருடம், வருடத்துக்கு ஒன்பது வீதம்
வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்:
கூரை, உத்தரம், ஆறு யன்னல்.
ஏழாவதைச் சிவப்பு மையால் வெட்டியிருக்கிறார்கள்,
அடிமட்டம் வைத்து, நேராக.
இந்த வீட்டில் வேறெந்தக் கோடும்
அவ்வளவு நேரில்லை.

தர்மினி அதன் கீழேதான் மேசையைப் போட்டிருக்கிறாள்.
கணக்கில் வராத வெளிச்சத்தில்
பற்றுச்சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குகிறாள்.

வெளியே மழை.
ஒழுகவில்லை.