உள்ளது உள்ளபடி

லியெபாயா துறைமுகம். ஜனவரி.
கட்டுப்பாட்டு அறைக் கண்ணாடியில் உப்பு.
எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு உள்ளே வரலாம் என்று
பதினெட்டு வருடமாகச் சொல்லிவரும் ஒரு பெர்ல் நிரல்.
அதன் வயிற்றுக்குள்ளேயே அதன் கையேடும்.

ஐனார்ஸ் கேட்டது ஒன்றுதான்:
"தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கட்டும்."

லட்சணம் என் வேலை.
தலைப்புக்கு முன்னால் ஒரு சமக்குறி.
பட்டியலைத் திறந்தால் மூட மறக்கக் கூடாது.
மேலே ஒரு வெற்று வரி விடாவிட்டால்
கட்டளை கட்டளை இல்லை, வெறும் பேச்சு.
மற்றதையெல்லாம் ஃபார்மேட்டர்
எழுபத்தாறு எழுத்துக்குள் மடித்து அடுக்கிவிடும்,
ஹோட்டல் துவாலை மாதிரி.

முதல் அச்சில் எழுதியவன் பெயரே சரியாக இல்லை.
கிர்ட்ஸ். எங்கள் எழுத்தில்
அதன் முதலெழுத்துக்குக் காலடியில் ஒரு வால் உண்டு.
குறியாக்கம் இன்னதென்று யாரும் அறிவிக்காததால்
வாலோடு எழுத்தையும் விழுங்கிவிட்டு
ஒரு பெருக்கல் குறியைத் துப்பியிருந்தது,
தப்பான விடைக்கு டீச்சர் போடுவது போல.
ஒரு வரி சேர்த்தேன். வால் திரும்பி வந்தது.

பிறகுதான் அதைப் பார்த்தேன்.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
குறிப்பு தொடக்கம் என்று ஒரு கதவு,
கொஞ்சம் கீழே குறிப்பு முடிவு என்று இன்னொன்று.
நடுவில் இருப்பதை எந்த ஃபார்மேட்டரும் காட்டாது.
காட்டாத அந்த இடத்தில் ஒரே வாக்கியம்:

வடக்கு வாயிலில் மேற்குக் காற்று பதினான்கைத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்பலாகாது.

ரோட்டர்டாமுக்குப் போன் போட்டேன்.
பின்னால் கிரேன் சத்தம்.
"அழிக்கச் சொன்னார்கள்" என்றான் கிர்ட்ஸ்.
"அழிக்கவில்லை."
இன்னொரு கிரேன் நகர்ந்தது.
"காட்டவும் இல்லை."

இரண்டு கதவையும் பெயர்த்தேன்.
வாக்கியத்துக்கு முன்னால்
ஸ்பேஸ் விசையை ஒரே ஒரு முறை தட்டினேன்.
ஓர் இடைவெளி தள்ளி நிற்கும் வரியை
ஃபார்மேட்டர் தொடாது, மடிக்காது,
உள்ளது உள்ளபடி விட்டுவிடும்.
இருக்கிற விதிகளில் எனக்குப் பிடித்தது அது.

நாலு மணிக்கே இருட்டு.
பைலட் தெக்ளா சொட்டச் சொட்ட வந்தாள்,
கையுறையைப் பல்லால் கழற்றி
அச்சுத்தாளை எடுத்து வாய்விட்டுப் படித்தாள்.
"... தாண்டினால் இந்தக் கணக்கை நம்பலா...
நம்பலாமா?"

மடிக்காத வரி ஓரத்தைத் தாண்டி ஓடியிருந்தது.
மிச்சம் தாளுக்கு வெளியே எங்கோ விழுந்துவிட்டது,
யாருடையதும் இல்லாத ஒரு காது.

ஃபார்மேட்டர் தொடாததை
நானேதான் மடிக்க வேண்டும்.
மூச்சு நிற்கிற இடங்களில் உடைத்தேன்:

    வடக்கு வாயிலில்
    மேற்குக் காற்று பதினான்கைத் தாண்டினால்
    இந்தக் கணக்கை
    நம்பலாகாது.

ஐனார்ஸ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"பக்கத்தின் நடுவில் இது மட்டும் ஏன்
இப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது?"

தெக்ளா காற்றுமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதின்மூன்று.