விடை எண் நான்கு

ஸோம்பாவிலிருந்தா வருகிறாய்,
செருப்பெல்லாம் சேறு.
உட்கார், கோழியைத் தள்ளிவிட்டு உட்கார்.
கேள்.

உப்பு, சோப்பு, டார்ச்சுக்கு பாட்டரி
வாங்குவது யார் முடிவு என்கிறாய்.
உன் டேப்லெட்டில் நான்கு கட்டங்கள்:
நான், கணவர், இருவரும் சேர்ந்து, மற்றவர்.
உப்பு தீர்ந்தால்
உப்புதான் முடிவு செய்யும், தாயே.
சரி, நான் என்று போட்டுக்கொள்.

உறவினர் வீட்டுக்குப் போக
யாரிடம் அனுமதி கேட்பேன் என்றா?
ஃபாலெஸி சிரிக்கிறாள் பார்,
அவள் என் அக்கா.
அந்த மாமரத்துக்கு அப்பால் தங்கை லிவினெஸ்,
அதற்கடுத்து சித்தி, சித்தியின் மகள்கள் மூவர்.
ஏழு வீடு, ஏழு அடுப்பு.
நாங்கள் எங்கும் போவதில்லை.
வந்தவர்கள் ஆண்கள்.

என் வைசன் வந்தது
ஒரு சைக்கிளும் ஒரு பாயுமாக.
பத்தொன்பது வருடம் ஆகிறது.
இன்னும் மண்வெட்டியைச் சாய்த்து வைக்குமுன்
எந்தச் சுவர் என்று ஒருமுறை பார்ப்பார்.
வீட்டோடு மாப்பிள்ளைக்குத் தொண்டை இங்கே,
வாய் வேறு ஊரில்.
விளையாட்டுக்குச் சொல்லவில்லை.
மாதம் ஒரு ஞாயிறு
சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு
சிராட்ஸுலுவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு மிதிப்பார்.
அங்கே அவர் தாய்மாமன்.
அவர் இருமினால்
ஒரு கல்யாணம் நிற்கும், ஒன்று நடக்கும்.
திரும்பும்போது மேட்டில் இறங்கி
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்,
கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தபடி.

எங்கள் மாமா சிக்கோட்டியும் அப்படித்தான்.
மனைவி ஊரில் ஆட்டுக்குத் தழை ஒடிப்பவர்
இங்கே வந்தால் நாற்காலி கேட்பார்.

அடுத்தது நிலம்.
அம்மாவுடையது, இப்போது எங்களுடையது.
விற்பது யார் முடிவு?
இந்தக் கேள்விக்கு உன் கட்டம் சின்னது.

வெள்ளம் வந்ததற்கு மறுவருடம்
மாமா ஓர் ஆளைக் கூட்டிவந்தார்.
வெள்ளைச் சட்டை, கையில் அளவு நாடா.
ஆற்றோரத் துவரைக்காட்டை,
இரண்டு ஏக்கரையும்,
காலால் தட்டித் தட்டிப் பார்த்தது அந்தச் சட்டை,
சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோல்.
விருந்தாளிக்குக் களி கிண்டு என்றார் மாமா.
சரி என்றேன்.
சரி என்றுதான் சொன்னேன், அதையும் எழுதிக்கொள்.

விறகு ஈரமாக இருந்தது.
நெருப்பு வாங்க ஃபாலெஸி வீட்டுக்குப் போனேன்,
அவளிடமும் இல்லை.
லிவினெஸுக்குத் தலைவலி.
சித்தி மாவு இன்னும் காயவில்லை என்றாள்,
வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.
பேசிவைக்கவில்லை, நம்பு.
ஒருத்தி கூரையில் புகை வராததை
அடுத்தவள் பார்த்தாள், அவ்வளவுதான்.

பொழுது சாய்ந்தது.
வெள்ளைச் சட்டை கடிகாரத்தைப் பார்த்தது,
பிறகு மாமாவைப் பார்த்தது.
வைசன் வேலியோரம் குந்தி
பழுதே இல்லாத சங்கிலிக்கு
எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.
அவர் பையில் வறுத்த கடலை இருந்தது,
எனக்குத் தெரியும், காலையில் நான்தான் கட்டிக் கொடுத்தேன்.
எடுத்து நீட்டவில்லை.
பத்தொன்பது வருடத்தில்
அவர் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றுதான்.

அந்த ஆள் போனபின்
மாமா எழுந்தார், தொண்டையைச் செருமினார்.
இந்த நிலத்தை விற்பதில்லை என
நான் முடிவு செய்துவிட்டேன் என்றார்.
நாங்கள் முழங்காலிட்டுக் கைதட்டினோம்,
அதுதான் எங்கள் மரியாதை.
அன்றிரவு ஏழு அடுப்பும் எரிந்தன.
கோழியின் இரைப்பை அவருக்குத்தான்,
அதில் எந்த மாற்றமும் இல்லை.

ஆகவே பெண்ணே,
நான்காவது கட்டத்தைத் தொடு.
மற்றவர். தாய்மாமன்.
அதோ, மாமர நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்.
கொஞ்சம் உரக்கவே படி.