பட்டியலில் எட்டாவது

ரவுட்டரைக் கவிழ்த்தால் அடிவயிற்றில் ஒரு சீட்டு,
பொடி எழுத்தில் ஓர் எண்.
பிரவுசரில் அதைத் தட்டினேன்.
பயனர் பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
ஆறு வருடம்
சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டுத் தூங்கியிருக்கிறேன்.

புந்தா அரேனாஸில் ஜூலை.
காலை பத்துக்குத்தான் விடியும்.
நண்டு ஆலையில் கணக்கெழுதி வந்து
ஒரு படம் பார்க்கலாமென்று உட்கார்ந்தால்
திரையில் வட்டம் மட்டும் சுற்றும்.
கம்பெனிக்காரன் வியாழக்கிழமை வருகிறேன் என்பான்,
எந்த வியாழன் என்று சொல்லமாட்டான்.

இணைந்திருப்பவை: எட்டு.
வீட்டில் எண்ணினால் ஏழு.

இதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை.
ஒன்றை அணை, பக்கத்தைப் புதுப்பி,
எந்தப் பெயர் காணாமல் போகிறதென்று பார்,
காகிதத்தில் எழுது.
போன் போனது. டிவி போனது.
பிரிண்டர் முனகிவிட்டுப் போனது.
பழைய டேப்லெட், அலுவலக லேப்டாப்.
தம்பி ஸ்லாவ்கோ பிறந்தநாளுக்குத் தந்த எடை மெஷின்
(அதற்கு எதற்கு இணையம்,
என் எடையை யாரிடம் போய்ச் சொல்கிறது?)
அதுவும் போனது.
மிஞ்சியது நான் பார்த்துக்கொண்டிருந்த கணினி,
அதற்குக் கீழே
எழுத்தும் எண்ணும் கலந்த பன்னிரண்டு இலக்கத்தில்
ஒருவன்.

கேமராவில் பிளாஸ்திரி ஒட்டினேன்.
மாடியில் குடியிருக்கும் மாணவனைச் சந்தேகப்பட்டேன்.
விவாகரத்தான தானிலோவையும்
பழைய பழக்கத்தில் கொஞ்சம்.
மூன்று இரவு பதிவேட்டைப் படித்தேன்:
வருவது இரண்டு நாற்பது,
போவது மூன்று ஐந்து.
திருடனுக்கு இத்தனை நேர ஒழுங்கா?

நான்காம் இரவு விளக்கை அணைத்துத்
திரைச்சீலையை ஒரு விரல் அகலம் விலக்கினேன்.
எதிரே குளிர்பதனக் கிடங்கின் காவலாளி,
காற்று படாத என் சுவர் மூலையில் ஒடுங்கி நிற்கிறான்.
போனின் வெளிச்சம் முகத்தில்,
ஒரு கையுறை பல்லிடுக்கில்.
யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரிக்கிறான்.

துணைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன்.
துணை ஓடிப்போய் அவன் காலைச் சுற்றியது.
'கலஃபாத்தே' என்றான் அதன் காதைத் தடவி.
எங்களூர் முட்செடியில் பழுக்கும் கருநீலப் பழம்.
என் நாயின் பெயர்.
என் கடவுச்சொல், பின்னால் ஓர் ஒன்று சேர்த்து.

பெயர் வில்னேர். ஊர் ஹைட்டி.
மனைவி பாரிஸுக்குப் பக்கத்தில் அலுவலகம் துடைக்கிறாள்;
அவள் ரயிலேறும் நேரம் இங்கே இரண்டு நாற்பது.
மாத டேட்டா பத்தாம் தேதியே தீர்ந்துவிடும்.
எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.
'நீங்கள்தான் மேடம்,
தினமும் சாயங்காலம் தெரு முழுக்கக் கத்துகிறீர்கள்.
எட்டு எழுத்து வேண்டும் என்பார்கள், எட்டு இருந்தது.
ஆனால் எண்ணும் கேட்கும், ஒன்று போட்டேன்.
எல்லோரும் ஒன்றுதான் போடுவார்கள்.'

கோபப்பட வேண்டுமென்று நினைத்தேன்.
மூக்கு உறைந்துகொண்டிருந்தது.

மேலே வந்து அட்மினை முதலில் மாற்றினேன்.
வைஃபைக்கு நான்கு சொற்கள்,
ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை,
எந்த மிருகத்தையும் கூப்பிட உதவாதவை.
அவற்றை இங்கே எழுதமாட்டேன்.
பக்கத்தின் அடியில் 'விருந்தினர்' என்றொரு பொத்தான்
ஆறு வருடமாக அணைந்தே கிடந்திருக்கிறது. தட்டினேன்.
அந்த வழியில் வருகிறவன் இணையத்துக்குப் போகலாம்,
என் கோப்புகள் பக்கம் திரும்ப முடியாது.
அதற்குப் பழைய கடவுச்சொல்லையே வைத்தேன்.
எடை மெஷினையும் அங்கேயே அனுப்பினேன்,
உளவாளிகள் எல்லாம் வாசலறையில் இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை படம் போட்டேன்.
வட்டம் சுற்றியது.

சோபாவை நகர்த்தினேன்,
சுவரோரம் கேபிளை விரலால் தடவிக்கொண்டே போனேன்.
அலமாரிக்குப் பின்னால் ரப்பர் பிய்ந்து
செம்பு தெரிய ஒரு சாண் நீளம்,
வரிசையாகப் பல் தடம்.

'கலஃபாத்தே!' என்று கத்தினேன்.
கீழே தெருவில் யாரோ சிரித்தார்கள்.