வெளியே வராத கேசட்

என் இழுவை லாரியின் டேப்
பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு கேசட்டை விழுங்கியது.
இன்னும் கக்கவில்லை.
வெண்ணெய்க் கத்தி, இடுக்கி, கெட்ட வார்த்தை
எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.
ஆகவே சஸ்காட்செவனில், யார்க்டனுக்கு வடக்கே,
எந்த மாதம் நீங்கள் பள்ளத்தில் விழுந்தாலும்
உங்களுக்குக் கிறிஸ்துமஸ்தான்.

ஜூலை வெயிலில்
எண்ணெய்க் கிணற்றுப் பையன்கள்
கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே
சறுக்குவண்டி மணிகளைக் கேட்டு வந்திருக்கிறார்கள்.
"ஏதாவது வேண்டுதலா, மேடம்?" என்றான் ஒருவன்.

முதல் பக்கம் பாட்டு.
வெண்கலக் குரல்காரர் ஒருவர்,
அவர் பின்னால் சர்க்கரைப் பாகில் ஊறிய வயலின்கள்.
மூன்றாவது பாட்டின் நடுவில் அப்பாவின் இருமல்.
அதே பாட்டை மளிகைக் கடையிலோ
பல் டாக்டரிடமோ கேட்க நேர்ந்தால்
அந்த இடம் வந்ததும் நானே இருமிவிடுகிறேன்.

மறுபக்கம் கார்ட்டூன்.
ஆமாம், கார்ட்டூன். சத்தம் மட்டும்.
எழுபத்தேழு டிசம்பர், எனக்கு ஒன்பது வயது,
ஆஸ்பத்திரியில் என் காலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
வார்டில் டிவி கிடையாது.
அதையோ வருடத்துக்கு ஒரு முறைதான் போடுவார்கள்.
அண்ணன் ஓரெஸ்ட் டிவி முன்னால் முட்டி போட்டு
அரை மணி நேரம் மைக்கை நீட்டிப் பிடித்திருக்கிறான்.
"அம்மா, பாத்திரத்தை உருட்டாதே"
என்று அவன் அதட்டியதும் கரடி பேசத் தொடங்கும்.
வெகுநாள் அதையும்
கரடி வீட்டுச் சங்கதி என்றே நினைத்திருந்தேன்.

அடுத்த வருடம் பார்த்திருக்கலாமே என்பார்கள்.
போட்டார்கள்.
நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன்.
என் கரடி எப்படி இருக்கும் என்று
எனக்கு அதற்குள் தெரிந்துபோயிருந்தது.

ஒரே ஒரு இடம்தான் பிடிபடவில்லை.
கரடி கதவைத் திறக்கிறது. கீல் முனகுகிறது.
பிறகு பதினான்கு நொடி
ஓரெஸ்டின் மூச்சைத் தவிர ஒன்றுமில்லை.
பிறகு கரடி சொல்கிறது: "சரி, உள்ளே வா."
யாரை?
நாற்பத்தேழு வருடமாக அந்த வாசலில்
யார்யாரையோ நிறுத்திப் பார்த்துவிட்டேன்.
ஓநாயை. தபால்காரரை. வரி கேட்டு வருகிறவனை.
அப்பா இறந்த வருடம் அப்பாவை.
ஓரெஸ்ட் கால்கரியிலிருந்து கூப்பிடுவதை நிறுத்திய வருடம்
அவனை, முழங்கால்வரை பனியோடு.

நேற்று இருபத்து நான்காம் தேதி.
நாலரைக்கே இருட்டு.
ஒரு வெள்ளைக் காரைப் பள்ளத்திலிருந்து இழுத்தேன்.
கிளெனிஸ் என்று பெயர், ஏறக்குறைய என் வயது.
மடியில் அலுமினியத் தாள் மூடிய பாத்திரம்,
கார் உருண்டபோதும் அதை விடவில்லையாம்.
லாரியில் ஏறி உட்கார்ந்தவள்
பெல்ட்டைப் பாதியில் விட்டுவிட்டாள்.
"ஐயோ, இது அந்தக் கரடிதானே!"
கரடிக்கு முந்தி வசனம் சொன்னாள்,
மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் பிசகாமல்.
கீல் முனகியது.
ஓரெஸ்ட் மூச்சு விட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.
"இங்கே என்ன நடக்கிறது?"

"இங்கேயா? ஒன்றும் நடக்காது.
வாசலில் யாரும் இல்லை.
பனி விழும், ரொம்ப நேரம்.
கரடி பார்த்துக்கொண்டு நிற்கும்."

"அப்புறம் உள்ளே வா என்கிறதே?"

"பனியைத்தான்."

நான் வேகத்தைக் குறைத்தேன்.
சாலை வழுக்குகிறது என்றேன்.
வழுக்கத்தான் செய்தது.
வைப்பர் தள்ளத் தள்ள
கண்ணாடியில் வந்து வந்து அப்பிக்கொண்டே இருந்தது.

டேப் கடக்கென்று பக்கம் மாறியது.
மணிகள். வயலின்கள்.
"வேறு எதுவும் இல்லையா?" என்றாள்.
இல்லை என்றேன்.
"சரி" என்று சொல்லி
பாத்திரத்தின் தாளை ஒரு ஓரமாய்ப் பிரித்தாள்.