கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வண்டி

தேங்க்ஸ்கிவிங் காலை, மைனஸ் ஒன்பது.
எண் அட்டையைக் குத்தப் போனால்
ஊக்கு விரலுக்குத் தெரியவில்லை.
லாவெர்ன்தான் குத்திவிட்டாள்:
"இருநூற்றுப் பதினாலு. சீக்கிரம் ஓடி வா ரோவேனா,
அடுப்பில் வான்கோழியை விட்டு வந்திருக்கிறேன்."

தீயணைப்பு நிலையத்துச் சங்கு
ஒருமுறை இருமிவிட்டு ஊதியது.
இருநூற்றுச் சொச்சம் பேரின் மூச்சு
ஒரே வெள்ளைப் பொதியாய் எழும்பி
தெருமுனை வரை கூடவே வந்தது.

வான்கோழி வேடமிட்ட பல் டாக்டர்
முதல் மைலிலேயே வாலைத் தவறவிட்டார்.
அந்த வாலைத் தாண்டினேன்.
அதன்பிறகு தாண்ட எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நூலகத்தருகே திரும்பிப் பார்க்கிறேன்.
யாருமில்லை.
பனி தள்ளும் வண்டி மட்டும்
மஞ்சள் விளக்கு சுழல
நடையைவிட மெதுவாக.
ஓட்டுவது டெல்மர்.

பதினோரு வருடம் என் கணவன்.
கடை வாசலில், ஆஸ்பத்திரியில்,
என் அப்பாவின் அடக்கத்தில்கூட
சாவியைக் குலுக்கிக்கொண்டே நின்றவன்.

சுப்பீரியர் ஏரிக் காற்று பக்கவாட்டில் அறைந்தது.
நின்றேன். குனிந்து லேஸைக் கட்டினேன்,
அவிழாத லேஸை.
வண்டியும் நின்றது.
ஹாரன் இல்லை.

மேடேறும்போது கண்ணாடியை இறக்கி,
"இடப்பக்கம் போகாதே, வழுக்கும்" என்றான்.
அவ்வளவுதான்.

கோட்டைத் தொட்டபோது
கடிகாரத்தை அணைத்திருந்தார்கள்.
லாவெர்ன் வான்கோழியைப் பார்க்கப் போய்விட்டாள்.
பானையின் அடியில் கொஞ்சம் கோகோ, ஆடை படிந்து.
இரண்டு கோப்பையில் ஊற்றினேன்.
ஒன்றைக் குடித்தேன்.
மற்றதை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள்
வண்டி போய்விட்டிருந்தது,
பாலத்தைச் சுரண்ட.