இவனல்ல

எனெபிஷ் என்றால் எங்கள் மொழியில் ‘இவனல்ல’.
முன்னே பிறந்த இரண்டும் தங்காததால்
மூன்றாவதைத் தேடி வரும் சாவை ஏய்க்க
மாமியார் வைத்த பெயர்.
நாற்பத்தாறு வருடம் சாவு ஏமாந்தது.
வரி அலுவலகமும் இரண்டொரு தடவை.

மே மாதக் கடைசி. ஓர்கோன் ஆற்றங்கரையில்
பனிக்கட்டி இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.
போதகர் சுமியா குள்ளம்; இவர் நூற்றிப்பத்து கிலோ.
அமிழ்த்த ஓர் ஆள், தூக்க மூன்று ஆள்.
நான் லாரிக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு
உப்புத் தேநீர் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தேன்.
எனக்கு அந்த ஆற்றில் வேலை இல்லை.

பெயரை மாற்றிக்கொள்கிறாயா என்று கேட்டார்களாம்.
பேதுரு, பவுல், யோவான், எல்லாம் இருந்ததாம்.
வேண்டாம் என்றாராம்,
“இது இப்போதுதான் பொருந்துகிறது.”

வீட்டுக்கு வந்தவரைச் சோதித்தேன்.
அதே குறட்டை. இடது காலில் அதே ஆணி.
கியர் சிக்கினால் லாரியின் தாயை இழுக்கும் அதே வாய்.
பாதி வசவில் மட்டும் நின்று
தும்மலை அடக்கியவர் போல முகம் சிவந்தது.
முழுக்குப் போட்டீர்களே, எதற்கு என்றேன்.
பதில் இல்லை. எழுந்துபோய்
சுவரிலிருந்து தராசை எடுத்து வந்தார்.

கொக்கித் தராசு. இருபது வசந்தமாக
இடையர்களிடம் காஷ்மீர் ரோமம் நிறுத்து வாங்கியது.
முள்ளை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளியிருப்பது
எனக்குத் தெரியும். அந்த மயிரிழையில்தான்
இந்த இரும்பு அடுப்பு, மகளின் கல்லூரி,
என் காதில் பவளத் தோடு.
மூட்டைக்கு அரைக் கிலோ.
விடிய விடிய ஆடு சீவுகிறவர்களுக்கு
அரைக் கிலோவைச் சந்தேகப்பட நேரம் ஏது?

கத்தி நுனியால் திருகைத் திருப்பினார்.
ஐந்து கிலோ மாவுப் பையை மாட்டி,
இறக்கி, மறுபடி மாட்டி,
முள் ஐந்தில் நிற்கும்வரை.
பிறகு பழைய கணக்கு நோட்டைக் கேட்டார்.
அதை நான் என்றைக்கோ அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

முதலில் செரென்பில் கூடாரம். தெற்கே எண்பது கிலோமீட்டர்.
கையில் பணத்தோடு இந்த மனிதரைத் தனியே விட முடியுமா,
நானும் ஏறினேன்.
நாய் எங்களை இறங்க விடவில்லை.
செரென்பில் நாயைப் பிடிக்கவும் இல்லை.
“உனக்கு நான் பணம் தரவேண்டும்.”
“அடுத்த வருஷத்து ரோமத்துக்கு முன்பணமா?”
“இல்லை.”
“தேர்தலில் நிற்கிறாயா?”
“இல்லை. திருடினேன்.”
அந்தச் சொல் புல்லில் விழுந்து
எடுப்பாரில்லாமல் கிடந்தது.

செரென்பிலின் மனைவி பால்வாளியைக் கீழே வைத்துவிட்டு
பணத்தாள்களை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.
போன குளிரில், புல்லைப் பனி பூட்டிய வெண்பஞ்சத்தில்,
அவர்களுக்கு நூற்று நாற்பது ஆடு செத்தது.
இந்தப் பணம் அன்று இருந்திருந்தால்
வைக்கோல் எத்தனை கட்டு என்று
அவள் கேட்கவில்லை.
நான்தான் மனசுக்குள் கணக்குப் போட்டேன்,
முக்காட்டைக் காதுவரை இழுத்துக்கொண்டு.

தேநீர் தரவில்லை.
எங்கள் பக்கம் எதிரிக்கும் தேநீர் உண்டு.

திரும்பும் வழியில் அழுவார் என்று நினைத்தேன்,
அல்லது பாடுவார். சபையில் பாடுகிறார்கள்.
டயர் பஞ்சர் ஆயிற்று. இறங்கி
லாரியின் தாயை முழுசாக, வால்வரை, திட்டித் தீர்த்தார்.
பிறகு ஸ்பேனரைப் பிடித்தபடி
வெகுநேரம் குந்தியிருந்தார்.
“இவனல்ல,” என்றார்.
சக்கரத்திடமா, மேலேயா, தெரியவில்லை.
தன் பெயரையே யாரோ கூப்பிட்டது போல
ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

நோட்டில் இன்னும் முப்பத்தொரு பெயர்.
சனிக்கிழமை வடக்கே போகிறோம்.
ஃபிளாஸ்க் இரண்டாக எடுத்துக்கொள்கிறேன்.
யாரும் தரப்போவதில்லை.