அறுநூத்து நாப்பது அடி

கணக்குக் கேட்கத்தான் கூப்பிட்டேன்.
மாண்ட்லாவில் மக்காச்சோளக் காட்டு நடுவே
அப்போதுதான் ராடு எல்லாம் ஏற்றிவிட்டுக்
குழிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாராம் பெரியண்ணன்.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது.
எடுக்கக் குனிந்தார்.
இங்கே திருச்செங்கோட்டு ரிக் ஆபீசில்
என் காதில் ரெண்டு மணி அடித்தது.
மூணாவதுக்கு அந்தப் பெண்குரல்:
நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர்
தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்.

வெளியே எங்கே போனார்,
உள்ளே அல்லவா போனார்,
ஆறரை அங்குல வழியில், கல்மாவு பூசிக்கொண்டு.

டிரைவர் போனிலிருந்து கூப்பிட்டார் சாயங்காலம்.
"அம்மிணி, போச்சுங்."
பதினோரு பாயிண்ட் கணக்கு.
எத்தனை அடி, எத்தனை கேசிங் பைப்பு,
யார் கொடுத்தது எவ்வளவு, யார் நிறுத்தி வைத்தது எவ்வளவு.
சுக்ராமும் மூணு பசங்களும் வாங்கின முன்பணம்.
எல்லாம் தாளில் எழுதிப் போட்டோ பிடித்து
தாளைச் சுருட்டிப் பீடி பற்றவைத்திருக்கிறார் மனுசன்.

ஓனர் செங்கோட்டுவேலுவிடம் சொன்னேன்,
கிளவுடில் ஏறியிருந்தால் எடுத்துவிடலாம் என்று.
முப்பது வருசமாய்ப் பூமியைக் கீழே பார்த்தே சம்பாதித்தவர்
அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.
"மேகத்தை நம்புனா நாம ஏன் லாரி வாங்கறோம்?"

பாஸ்வேர்டு பெரியண்ணனுக்குத் தெரியாது.
ஐடி போட்டுக் கொடுத்தது
பஸ் ஸ்டாண்டு எதிரில் மொபைல் கடைப் பையன்.
அவன் தலையைச் சொறிந்து, வாடிக்கையாளர் ரெண்டு பேரை அனுப்பிவிட்டு,
"எல்லா ரிக்காரருக்கும் வண்டி நம்பர்தானுங்க்கா போடுவேன்" என்றான்.
திறந்தது.

ஏழு பாயிண்ட் இருந்தது.

ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் இன்னொரு போட்டோ:
குழியிலிருந்து முதல் தண்ணி பீறிடும் நேரம்,
சேற்றில் வெளுத்துப்போன பசங்கள்,
ஒருத்தன் வாயைத் திறந்து குடிக்கிறான்.
இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை.

செப்டம்பர் மூணாம் தேதியோடு நின்றிருந்தது.
இடம் இல்லை என்று அது அவருக்கு
நாற்பது தடவை சொல்லியிருக்கிறது,
அவர் நாற்பது தடவையும் 'பிறகு' அமுக்கியிருக்கிறார்.
இடத்தைத் தின்றது எது என்று பார்த்தேன்:
தாமரை. குத்துவிளக்கு. ஆவி பறக்கும் காப்பி.
பெருந்துறை மச்சான் தினமும் அனுப்பிய காலை வணக்கம்,
ஒன்று விடாமல்,
மூணு வருசத்துக்கு.

மீதி நாலு பாயிண்ட்டை வாயால் சொன்னார்.
"நானூறுல செங்கல்லு, ஐநூத்தி இருவதுல ஈரம்,
அப்பறம் கருங்கல்லு, அறுநூறு தாண்டித் தண்ணி,
நிறுத்துனது அறுநூத்து நாப்பது."
ஒரு அடிகூடத் தடுமாறவில்லை.
ஆனால் காட்டுக்காரர் ஐநூத்தி எண்பது என்கிறார்.
அறுபது அடி. அடிக்குத் தொண்ணூறு.
ஐயாயிரத்து நானூறு ரூபாய்க்கு
ரெண்டு பேரும் தெரியாத பாஷையில் சத்தியம் செய்கிறார்கள்.
எத்தனை அடி என்று சரியாகத் தெரிந்த ஒரே சாட்சி
அடியில் கிடக்கிறது, தண்ணிக்குள்.

ராத்திரி உட்கார்ந்து தாமரைகளை அழித்தேன்.
ஆயிரத்துச் சொச்சம்.
புதுப் போனுக்கு மேலே அனுப்பும் பொத்தானை
எங்கே அமுக்க வேண்டும் என்று டிரைவருக்குச் சொன்னேன்.
அங்கே டவர் இல்லை.
பெரியண்ணன் கம்ப்ரஸர் லாரி மேல் ஏறி நிற்கிறாராம்,
கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

என் திரையில் சின்ன வட்டம் சுற்றுகிறது.
பாதியில் நின்று, மறுபடி சுற்றுகிறது.

ஒன்று மட்டும் வந்திருக்கிறது இதுவரை.
கணக்குத் தாள் இல்லை.
ராத்திரி வேலை, விளக்கு வெளிச்சம்,
கலங்கலாய் ஒரு தண்ணி.
எந்த ஊர் என்று கேட்க வேண்டும்,
அவர் இறங்கினதுக்கப்புறம்.
இப்போது கூப்பிட மாட்டேன்.